கடைக்குள்ளே மட்டும் எரியும் விளக்கு

வெளிச்சத்தை விற்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கலாம். விற்ற வெளிச்சம் போதவில்லை, கூடிப்போயிற்று, காணவே காணோம் என்று திரும்பி வருகிறவர்களைச் சமாளிப்பதையே தொழிலாக வைத்திருப்பது மட்டாஞ்சேரியில் நான் ஒருத்திதான்.

கல்யாணமாகித் தென்காசிப் பக்கமிருந்து பள்ளுருத்திக்கு வந்தவள் நான். மட்டாஞ்சேரி பஜாரில், மிளகும் அரிசியும் மூட்டை மூட்டையாக இறங்கும் தெருவில், ஹனீபா என்பவருடைய மொபைல் கடையில் வேலை. எல்லோருக்கும் அவர் ஹனீபிக்கா, அதாவது ஹனீபா அண்ணன். கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய ரீடர்களை வாங்கி, துடைத்து, சரிபார்த்து விற்பது கடையின் ஒரு மூலை. அந்த மூலை என்னுடையது. ரீடர் என்றால் புத்தகம் வாசிப்பதற்கு மட்டுமே ஆன கருவி. ஃபோன் திரையைப் போல அது தானாக ஒளிராது, காகிதம் மாதிரி சும்மா இருக்கும். ஓரத்தில் ஒளிந்திருக்கும் பொடி விளக்குகள் அந்தத் தாளின் மேல் வெளிச்சத்தைப் பரப்பும். எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு ஒரு கோடு, வெள்ளையா மஞ்சளா என்பதற்கு ஒரு கோடு. விரலால் நகர்த்தி, வாசிக்கிறவர் கண்ணுக்கு இதமாக வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டே கோட்டில் என்ன குழப்பம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கும் சக பாவிகளே, நீங்களே கேளுங்கள். எங்கள் கடையில் பேச்சு மலையாளமும் தமிழுமாகக் குழைந்து ஓடும். உங்களுக்குப் புரிகிற மாதிரி கொஞ்சம் பிரித்து எழுதுகிறேன்.

நட்டநடு மதியம்

ஊறுகாய் வியாபாரம் செய்யும் ஹேமாபென் என்ற குஜராத்தி அம்மாள் காலையில் ஒரு ரீடர் வாங்கிப் போனார். மதியமே திரும்பி வந்துவிட்டார். விளக்கு எரியவில்லையாம். கடை வாசலில் நின்றபடியே கோட்டை மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் ஜோராக எரிகிறது. வெளியே கொண்டுவந்தால் இல்லை. மறுபடி உள்ளே போனால் உண்டு. நான் இப்படி உள்ளுக்கும் வெளிக்குமாக அலைவதை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கொளுத்தும் வெயிலில் காகிதத்தின் மேல் டார்ச் அடித்தால் தெரியுமா, அதுபோலத்தான் இதுவும் என்று எனக்கே அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெயிலில் இதற்கு விளக்கே வேண்டாம், சும்மாவே வாசிக்கலாம், எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க கடைக்குள்ள மட்டும் எரியுற விளக்கை எனக்கு வித்துட்டு, வெளிய வந்தா அது வேண்டவே வேண்டாம்ங்கிற. நல்ல வியாபாரம்."

இக்காவின் கொள்கை

ஹனீபிக்காவுக்கு ஃபோன் விற்றுத்தான் பழக்கம். ஃபோனை யார் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றித்தான் கொடுப்பார். முகத்தில் பளீரென்று அடிக்க வேண்டும், அப்போதுதான் சரக்கு நல்ல சரக்கு. ரீடருக்கும் அதே மரியாதையைச் செய்தார். காலையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றிலும் நான் வெளிச்சத்தை இறக்கி வைப்பேன். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் அவர் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பார். நான் பேசாமல் இறக்குவேன். அவர் பேசாமல் ஏற்றுவார். இந்தக் கருவி விற்கிறதோ இல்லையோ, அதன் கோடு மட்டும் ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். இக்கா, இவ்வளவு வெளிச்சம் வைத்தால் கண் கூசும், காகிதத்தைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், இதன் சிறப்பே அதுதான் என்றேன். அவர் கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காகிதம் மாதிரி இருக்கணும்னா அவன் காகிதத்தையே வாங்கிக்க மாட்டானா வடிவு, நம்மகிட்ட எதுக்கு வர்றான்?"

மாரியண்ணன்

மாரியப்பன் அண்ணன் எங்கள் தெரு முனையில் உள்ள மிளகாய்க் கிடங்கில் சுமை தூக்குகிறவர். நீலச் சட்டை, தோளில் சும்மாடு. துண்டை முறுக்கிச் சுருட்டி, தலையில் மூட்டைக்கு அடியில் வைப்பார்களே, அது. எங்கே போனாலும் அதைக் கழற்றி வைக்க மாட்டார். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்தது பள்ளுருத்தியில். பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் உட்கார்ந்து தடித்தடியான நாவல்களை வாசித்துத் தள்ளுகிற மனிதர். மஸ்கட்டில் இருக்கும் மகள் ஒரு ரீடர் அனுப்பியிருந்தாள். எழுத்து பனி மூடின மாதிரி மங்கலாக இருக்கிறது, சரிசெய்து தர முடியுமா என்று அதைக் கொண்டுவந்தார்.

கருவி புத்தம் புதிது மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தம். இரண்டு கோட்டையும் பார்த்துப் பார்த்து வைத்தேன், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினேன், வாசித்துப் பாருங்கள் என்று கொடுத்தேன். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஒரு பக்கம் முழுக்கக் கணீரென்று வாசித்தார். ஹனீபிக்காகூட வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனின் முகத்தில் மட்டும் சந்தோஷத்தையே காணோம். வயதில் சின்னப் பெண்கள் எல்லோரையும் மகளே என்கிற அர்த்தத்தில் 'மோளே' என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு மோளே. அங்க போனாத்தான் தெரிய மாட்டேங்குது."

பழைய புத்தகம்

ஏலக்காய்த் தரகர் பீதாம்பரன் சாருக்கு நான் வெளிச்சத்தை இளமஞ்சளாக வைத்துக் கொடுத்தேன். சாயங்காலத்தில் வாசிக்கிறவர், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். மறுநாளே கோபமாக வந்தார். அன்றைக்குத்தான் வெளியான புத்தகத்தை முழு விலை கொடுத்து வாங்கி இறக்கியிருக்கிறார். திறந்து பார்த்தால் தாள் எல்லாம் பழுத்துப்போய் இருக்கிறதாம். யாரோ வாசித்துவிட்டுக் கழித்துப்போட்ட புத்தகத்தைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முதலில் புத்தகக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சண்டை போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் என்னிடம் வந்திருந்தார்.

கோட்டை நகர்த்தி வெள்ளையாக்கினேன். பார்த்தார். அதுவும் பிடிக்கவில்லை. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு இடத்தில் வைத்தேன். அதையும் கொஞ்ச நேரம் சாய்த்தும் தூக்கியும் பார்த்தார். கருவியை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பி நின்றார்.

"முன்னாடி பழைய புத்தகமா இருந்துச்சு, அப்புறம் ஆஸ்பத்திரி பில்லு மாதிரி ஆச்சு, இப்ப என்னன்னே தெரியல. சரி, இதுவே இருக்கட்டும்."

தானாக மாறும் கோடு

தேவராவிலிருந்து ஜெசி என்று ஒரு நர்ஸ் வந்தாள். ரீடரில் வெளிச்சம் தானாகவே மஞ்சளாக மாறிவிடுகிறது என்றாள். வெள்ளையாக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். வெளிச்சம் தானாகவே வெள்ளையாக மாறிவிடுகிறது என்றார். மஞ்சளாக்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி ஜெசி. அதற்கடுத்து மறுபடி அவர். இரண்டு கருவியின் முதுகிலும் ஒரே மாதிரி மாதா படம் ஒட்டியிருந்தது. மாதா படம் யார் வீட்டில்தான் இல்லை, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சரக்கு மொத்தமும் கோளாறு இக்கா, ஒன்று மஞ்சளுக்கு ஓடுகிறது, இன்னொன்று வெள்ளைக்கு ஓடுகிறது என்று ஹனீபிக்காவிடம் புகார் செய்தேன். அவரும் பயந்துபோய், கொண்டுவந்து கொடுத்த ஆளை ஃபோனில் பிடித்துத் திட்டினார்.

கடைசியில் ஒருநாள், பணத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். ஒரே ஸ்கூட்டரில். ஒரே கருவியோடு. புருஷன் பெண்டாட்டி. நான் இருவரையும் பார்த்தேன், கருவியைப் பார்த்தேன். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிதான் முதலில் வாயைத் திறந்தாள். கேட்டது என்னிடம், பார்வை மட்டும் அவர்மேல்.

"எங்க வீட்டுல ஃபேன் வேகம்கூடத் தானாவே மாறுது. அதையும் இங்க கொண்டு வரலாமா சேச்சி?"

மாரியண்ணன் மறுபடியும்

மாரியண்ணன் இரண்டாவது தடவை வந்தபோது முகம் வாடியிருந்தது. வெளிச்சத்தை ஏற்றினால் பக்கம் முழுக்க வெளுத்துப் போகிறது, இறக்கினால் இருண்டு போகிறது, எழுத்து மட்டும் கைக்குச் சிக்க மாட்டேன் என்கிறது என்றார். நான் கருவியை முழுசாகச் சோதித்தேன். ஓரத்து விளக்கு எல்லாம் ஒரே சீராக எரிந்தது. வாசிக்கச் சொன்னேன். முன்போலவே கணீரென்று வாசித்தார். கவலையே வேண்டாம் அண்ணே, வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை, கருவி நூற்றுக்கு நூறு என்று சொன்னேன். ஒரு மனிதரைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் தோளில் இருந்த சும்மாடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹனீபிக்கா தொழுகைக்குப் போயிருந்த நேரம். தணிந்த குரலில் சொன்னார். இத்தனை வருஷம் தலையில் பாரம் ஏற்றி ஏற்றிக் கண்ணுக்குப் போகிற நரம்பு நசுங்கிவிட்டது என்று அவருக்குச் சந்தேகம். சுமை தூக்கி முடித்து உட்கார்ந்தால் மங்கல், கடைக்கு வருகிற நாளில் சுமை தூக்காமல் வருவதால் தெளிவு. இப்போது லாரியிலிருந்து இறங்கும் பலகைகூட மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கிறதாம். மூட்டையோடு அந்தப் பலகையில் கால் பிசகினால் ஆள் பிழைப்பது கஷ்டம். கண் டாக்டரிடம் போனால் அவர் வாயால் உறுதியாகிவிடும் என்ற பயத்தில் அங்கேயும் போகவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கருவியில்தான் குறை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் என்னிடம் வந்திருக்கிறார். அவர் சொல்வது சரி மாதிரியும் இருந்தது, சரியில்லாத மாதிரியும் இருந்தது.

"கருவி நூத்துக்கு நூறுன்னா, குறை எனக்குத்தானே மோளே. பரவாயில்ல, வேற யாருக்கும் சொல்லாதே."

எங்கே உட்கார்ந்து?

அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரே குடைச்சல். இங்கே தெரிகிறது, அங்கே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், நான் பார்க்க வேண்டியது அங்கே அல்லவா? கடையின் ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? அதனால் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: எங்கே உட்கார்ந்து வாசிப்பீர்கள்? இது இவ்வளவு வம்பான கேள்வி என்று எனக்குத் தெரியாது. அரிசி மண்டி வைத்திருக்கும் கோபாலன் சேட்டனிடம் கேட்டேன். வீட்டில் என்றார். வீட்டில் எங்கே? உள்ளே. உள்ளே என்றால் எங்கே, ஜன்னல் பக்கமா, பல்பு தலைக்கு மேலா, பின்னாலா? மனிதருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தார்.

அப்புறம்தான் விளங்கியது. வேறு எங்கே இருந்தாலும் பேரப்பிள்ளைகள் கருவியைப் பிடுங்கிவிடுகிறார்களாம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே இடத்தில்தான் அவருடைய வாசிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கோட்டையும் ஏதோ ஒரு இடத்தில் வைத்துக் கொடுத்தேன். அவரும் கூரையைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். போகும்போது குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"அங்க இருக்கிறது சின்ன பல்பு. அதை மாத்தினா போதுமா, இல்ல மறுபடியும் இங்க வரணுமா?"

மிளகாய்க் கிடங்கு

மாரியண்ணனிடமும் கேட்கத்தான் செய்தேன். தெருவில் பார்த்தபோது, எங்கே உட்கார்ந்து வாசிப்பீர்கள் அண்ணே என்றேன். கிடங்கு வாசலில் என்றார். வாசலில் நல்ல வெளிச்சம் உண்டு. ரீடருக்கு அதைவிட நல்ல இடமே கிடையாது. என் குழப்பம் இன்னும் கூடியது. இனி என்ன இருக்கிறது, நாளைக்கு யூனியன் ஆபீசில் போய், இனிமேல் சுமைக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன் என்றார். வேறு வழியில்லாமல் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அவர் ஆபீசுக்குக் கிளம்பும் முன்னால், நானே கிடங்குக்குப் போனேன். காற்றிலேயே காரம். வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. லாரியிலிருந்து பலகை வழியாக மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மட்டும் வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தோளில் சும்மாடு இல்லை. அது அவரோடு வேலை செய்யும் சாபுவின் தலையில் இருந்தது. கொடுத்துவிட்டாராம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, மிளகாய்க் காரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தும்மிக்கொண்டே, வாசித்துக் காட்டுங்கள் அண்ணே என்றேன். சுவரில் ஆணியில் தொங்கிய பையிலிருந்து ரீடரை எடுத்தார். நான் இதுவரை பார்க்காத ரீடர் அது. மிளகாய் சாம்பிள் போடுகிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, மடித்து, ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது. பழைய கவர். கையில் பட்டுப் பட்டுப் பால் நிறத்துக்கு வெளுத்திருந்தது. அதன்மேல் செம்மண் பூசினதுபோல மிளகாய்த் தூசி வேறு. அதை நீலச் சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு, கவரின் மேலேயே விரலை வைத்துப் பக்கத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வாசித்தார். இது என்ன என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. மகள் அனுப்பினது, தூசி பட்டுக் கெட்டுப்போகலாமா, வந்த அன்றைக்கே கவர் போட்டுவிட்டேன் என்றார். அப்படியானால் கடைக்கு வரும்போது இது ஏன் இல்லை? அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாலு பேர் வந்துபோகிற கடைக்கு அழுக்குக் கவரோடு கொண்டுவருவது மரியாதையா? கழற்றி, துடைத்து, சுத்தமாகத்தான் கொண்டு வருவாராம். பல் டாக்டரிடம் போகிற அன்றைக்கு மட்டும் நாம் அழுத்தித் தேய்க்கிறோமே, அதேதான்.

நான் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். கவரை உருவினேன். அந்த இடத்திலேயே, அதே பக்கத்தைக் கொடுத்தேன். அண்ணன் வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவது வரியில் நின்றது. மூன்றாவது வரியில் கணீரென்று கிளம்பி, மூட்டை இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பக்கத்தின் கடைசி வரை ஓடியது. முடித்ததும் கவரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, அதன் வழியாக லாரியைப் பார்த்தார். கவரை இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தார். மறுபடி கவர் வழியாகப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. எதற்கும் கண் டாக்டரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள் அண்ணே என்றேன். காட்டலாம், காட்டலாம், இனிக் காட்டுவதற்கு என்ன பயம் என்றார். தூசிக்கு என்ன செய்வது என்று கேட்டார். வாசிக்கும்போது கழற்றி, மூடும்போது போடுங்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. ரீடரை என் கையில் திணித்துவிட்டு எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு, நேராக லாரியைப் பார்த்து நடந்தார்.

"டேய் சாபு, என் சும்மாடைத் திருப்பித் தாடா."

ஆக, வெளிச்சம் வைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்றாலும், அதற்கும் கண்ணுக்கும் நடுவில் யார் எதைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இன்றுவரை பிடிபடுவதே இல்லை.